டிரில் டீச்சரின் இரண்டு துப்பாக்கிகள்

ஒரே இடத்தில் நிற்பதை டிரில் டீச்சர் ஒரு வியாதியாகத்தான் நினைத்தார். உட்காருவது அந்த வியாதி முற்றிய நிலை.

புதுக்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் நான் நான்கு வருஷம் குடியிருந்தேன். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கால்களுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. காப்பியை நடந்துகொண்டே குடிப்பார். பேப்பரில் முதல் பக்கத்தை வாசலிலும் கடைசிப் பக்கத்தைக் கிணற்றடியிலும் படித்து முடிப்பார்.

அப்படிப்பட்டவர் தலையில் ஒருநாள் இரண்டு துப்பாக்கிகள் வந்து விழுந்தன. கீரமங்கலம் பக்கம் தோப்பு வைத்திருந்த அவருடைய அண்ணன் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கி ஓர் இரட்டைக் குழலும் ஓர் ஒற்றைக் குழலும் வைத்திருந்தார். வாரிசு டீச்சர் ஒருவர்தான். உடனே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் இரண்டையும் போர்வையில் சுற்றி, தோப்பிலிருந்து மினிபஸ்ஸில் ஏற்றினார். துணைக்கு நான். கண்டக்டர் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்னங்க டீச்சர், லக்கேஜ் போடணும்ல."

"துப்பாக்கிங்க. ரெண்டு. போட்டுக்கங்க."

பஸ்ஸில் பாட்டு நின்றது. முன் சீட்டில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் எழுந்து இடம் கொடுத்தார்கள். டீச்சர் உட்காரவில்லை. ஸ்டேஷன் வரை பின்படிக்கும் டிரைவர் சீட்டுக்கும் இடையே நடந்துகொண்டே வந்தார், மூட்டையோடு. வழியில் ஏற வேண்டியவர்கள் யாரும் ஏறவில்லை.

அடுத்தது விற்க அனுமதி. கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் தினமும் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். ஒன்பதாம் நாள் கிளார்க் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், அவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க. பைலைப் பாக்கவே முடியல, கண்ணு அவங்க பின்னாடியே போகுது." அவர் உட்காரமாட்டார் என்றேன். மறுநாளே அனுமதி வந்தது. ஆறு மாதத்துக்குள் லைசென்ஸ் உள்ளவருக்கு விற்க வேண்டும். இல்லையென்றால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் உருக்கிவிடுவார்களாம்.

"அண்ணன் அதைப் புள்ளை மாதிரி வச்சிருந்துச்சு, உருக்க விடமாட்டேன்" என்றார் டீச்சர்.

வாங்குவதற்கு ஆள் வரத் தொடங்கியது. திருமயம் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் சென்னையிலிருந்து காரில் வந்தார். ஹாலில் மான் தலைக்குக் கீழே மாட்ட வேண்டுமாம். லைசென்ஸ் இல்லை.

"அப்ப ஒரு ஒட்டடைக் கம்பை மாட்டுங்க" என்று டீச்சர் வழியனுப்பினார்.

இன்னொருவரிடம் லைசென்ஸ் இருந்தது, பணமும் இருந்தது. வாய் தவறி, வரப்புத் தகராறில் பங்காளிக்குப் பயம் காட்டத்தான் என்று சொல்லிவிட்டார். தெருமுனை வரை டீச்சர் கூடவே நடந்துபோய் அவரை விட்டுவிட்டு வந்தார்.

இதற்கிடையில் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து சேர்ந்தது. காலித் தோட்டாவில் மருந்தும் ஈயக் குண்டும் நிரப்பி மூடுகிற கைமிஷின், தராசு, அளவுக் கரண்டிகள். டீச்சர் அதிலிருந்த ஒரு டப்பாவை மட்டும் காலையில் மேற்கு அறைக்கும் மதியம் கிழக்கு அறைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் என்னவென்று கேட்டேன்.

"வெடிமருந்துங்க. வெயில் படாம மாத்தி மாத்தி வக்கிறேன்."

"டீச்சர், மேல நாங்க குடியிருக்கோம்."

"தெரியும்ங்க. அதனாலதான் மாத்துறேன்."

என் மனைவி அன்றே பிறந்த வீட்டுக்குப் போனாள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். போலீஸ்காரர்கள் வந்து டப்பாவை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துப்போனார்கள். பிறகு திருச்சியில் துப்பாக்கிக் கடைக்காரர் ஒருவர் மிஷினை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் டீச்சர் மாடிக்கு வந்தார். என் அறையை நாலு சுற்று சுற்றினார்.

"நான் கையெழுத்துப் போட்டு விக்கிறேன். நாளைக்கு அதுல ஒருத்தன் செத்துப்போனா, நான் எங்கிட்டுப் போய் நிப்பேன்?"

வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதை விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஐந்தாவது மாதம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். ஒரு பேங்கில் காவல் வேலை தயாராக இருந்தது. சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் சேர்ப்பார்களாம். லைசென்ஸ் கையில் இருந்தது, மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவரை முற்றத்தில் அட்டென்ஷனில் நிறுத்தி இரண்டு முறை சுற்றி வந்தார்.

"குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"கோவம் வருமா?"

"வராதுங்க."

"ஒங்க வீட்டம்மா நம்பரைச் சொல்லுங்க."

மனிதர் ராணுவத்தில் எதற்கெல்லாம் பயந்தாரோ தெரியாது, இதற்குப் பயந்தார். டீச்சர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை.

"இவராங்க? கொல்லைக்குள்ள கோழி வந்தாக்கூட என்னையத்தான் வெரட்டச் சொல்லுவாரு."

இரட்டைக் குழல் அவருக்குப் போனது. ஒற்றைக் குழலுக்கு நம்பிக்கையான ஆள் கடைசி வரை கிடைக்கவில்லை. கெடுவின் கடைசி நாள் டீச்சரே அதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும்போது வழக்கமான வேகம் இல்லை. எனக்கு முதல் தடவையாக அவரோடு சேர்ந்து நடக்க முடிந்தது.

"அண்ணன் ஏசுமாங்க?"

"ஏசமாட்டாருங்க."

"ஏசும்" என்றார்.

பேங்க் காவல்காரர் மனைவிக்கு மாதம் ஒரு தடவை டீச்சர் போன் செய்வார். "கோவப்படுறாரா? சண்டை கிண்டை?" இதே கேள்விகள்தான். இப்போது நான் திருச்சிக்கு வந்துவிட்டேன். இங்கே என் மனைவிக்கும் மாதம் தவறாமல் போன் வருகிறது. நான் அவரிடம் துப்பாக்கி எதுவும் வாங்கவில்லை. இருந்தாலும், அவர் கேட்கும் நாளில் இவள் நல்ல பதிலாகச் சொல்ல வேண்டுமே என்று மாதம் முழுக்க ஒழுங்காக இருந்துகொண்டிருக்கிறேன்.