துரை பங்களா நாத்தத்துக்குக் காவல்

வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து சிங்கப்பூருக்குக் காரேறிய மறுவாரமே, மலாயாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கணக்கெழுதும் பெரிய கிராணி சின்னத்துரை, தோட்டத்தின் நன்மையை முன்னிட்டு, மனைவி பராசக்தியோடு துரை பங்களாவில் குடியேறினார். நன்மை என்பது பங்களாவுக்குள் இருந்த வெள்ளைப் பீங்கான் கக்கூஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள்முதலாக அவருக்கு அதன்மேல் ஒரு கண்.

உட்கார்ந்து பார்க்க யோகமில்லை. பம்பு ஓட்ட எண்ணெய் கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லை. பீங்கானின் அடிவளைவில் தேங்கி, கீழ்க்குழியின் நாற்றத்தை மறித்துக்கொண்டிருந்த கொஞ்சத் தண்ணீரும் வற்றிப்போனது. நாற்றம் மேலே ஏறி வந்து, கிராணியைப் போலவே பங்களாவில் குடியேறியது.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள மனிசர் இருக்கேலுமே? கிணத்துத் தண்ணி ரெண்டு வாளி ஊத்தி விடுங்கோவன்," என்றாள் பராசக்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ஊத்தலாம். ஆனா போன கிழமை ஆமிக்காரன் நோட்டீஸ் ஒட்டிப்போட்டுப் போயிருக்கிறானெல்லே? உள்ளுக்குக் கிடக்கிற ஒண்டையும் உத்தரவில்லாமல் தொடக்கூடாதெண்டு."

படித்தவர். ஆகவே உத்தரவு கேட்டார். செரம்பானிலிருந்து ஹிராயாமா என்ற அதிகாரி வந்தார். குளியலறை வாசலில் நின்று, ஒருமுறை மோந்து பார்த்து, அரைகுறை மலாயில் விசாரணையைத் தொடங்கினார்.

"இது எங்கிருந்து வருகிறது?"

"குழாயிலிருந்து, துவான்."

"குழாய் யாருடையது?"

"இங்கிலீஷ்காரருடையது, துவான்."

"அப்படியானால் நாற்றம்?"

 கிராணி அதிகாரியின் இடுப்பு வாளைப் பார்த்தார். "அதுவும் இங்கிலீஷ்காரருடையதுதான், துவான்."

"எதிரிச் சொத்து. இனி ராணுவத்துக்குச் சேர்ந்தது. யாரும் அகற்றக் கூடாது. காவல் போடு. குறைந்தால் நீ பொறுப்பு."

தோட்டக் கூலிகள் சன்னாசியும் முனியாண்டியும் நாற்றத்துக்குக் காவலாக நியமிக்கப்பட்டார்கள். கையில் மூங்கில் கழி, புஜத்தில் சிவப்புத் துணிப் பட்டை. கூலிகள் குடியிருந்த லயமே சிரித்தது. அடுத்த வருஷம் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்க லாரி வந்தது. ராணுவக் காவலர் என்று அந்த இருவரையும் விட்டுவிட்டு, சிரித்தவர்களில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

கங்காணி ஆறுமுகம் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிராணியிடம் வந்து நின்றார்.

"ஐயா, நாத்தம் வாசல் வழியா மட்டுமா போவுது? ஜன்னல் இருக்கு. பின்னால குழி இருக்கு. காத்தடிச்சா ஆத்தங்கரை வரைக்கும் போவுதுங்க. அங்கெல்லாம் ஆள் வேணாமா?"

எதிரிச் சொத்து காற்றுவாக்கில் கடத்தப்படும் பேரபாயம் குறித்துக் கிராணி மேலிடத்துக்குப் பணிவுடன் தெரிவித்தார். மேலிடம் அவருடைய விழிப்பைப் பாராட்டி, அனுமதி கொடுத்தது. வாசல் காவல், ஜன்னல் காவல், குழிக் காவல், ஆற்றங்கரைக் காவல் என்று மிச்சமிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பட்டை கட்டிக்கொண்டார்கள். பெண்கள் மரவள்ளி நட்டு அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

மழைக்காலத்தில் ஆபத்து வந்தது. பங்களாக் கூரை ஒழுகி, பீங்கானுக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்து, வளைவு நிரம்பிவிட்டது. ஒருநாள் காலையில் நாற்றத்தைக் காணோம். அன்று மத்தியானம் ஹிராயாமா பார்வையிட வருகிறார்.

சன்னாசியின் மனைவி தாயம்மா பங்களாப் படியில் உட்கார்ந்து அழுதாள். "நாத்தம் போச்சுன்னா எம்புருசனும் போயிருவாருங்களே, அம்மா!"

 பராசக்தி அடுப்படிக்குப் போய், ஒளித்துவைத்திருந்த கருவாட்டுப் பானையைத் தூக்கிவந்தாள்.

"எழும்படி. லயத்தில அழுகினது என்ன கிடக்கோ, எல்லாத்தையும் கொண்டு வா."

ஊறிப்போன மரவள்ளி, இறால் தலை, பெலாச்சான் என்ற இறால் விழுது, செத்த எலி எல்லாம் வந்து சேர்ந்தன. தாயம்மா பழந்துணியால் வளைவுத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். பராசக்தி பானையைக் கவிழ்த்துக் கழியால் கிளறினாள்; வெளியே ஓடி வாந்தியெடுத்தாள்; வாயைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி கிளறினாள்.

ஹிராயாமா வராந்தாவைத் தாண்டவில்லை. கண்ணில் நீர் வழிய, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"மற்ற தோட்டங்களில் எதிரிச் சொத்து குறைந்துகொண்டே போகிறது. இங்கேதான் வளர்கிறது," என்றார்.

லாரி அந்தத் தோட்டத்துக்கு அப்புறம் வரவேயில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்தான். துரை திரும்பி வந்தார், பம்பு ஓடியது, நாற்றம் போயிற்று. உயிரோடு மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கக் கோயிலில் கூடினார்கள்.

"முதல் மரியாதை எங்களுக்குத்தான். நேருக்கு நேரா நின்னு மோந்தவங்க நாங்க," என்றான் வாசல் காவல் முனியாண்டி.

"மோந்தீங்க. ஆனா அது பொறந்த இடமே எங்க கையிலதானேடா இருந்துச்சு?" என்றான் குழிக் காவல் தங்கராஜு.

ஜன்னல்காரர்கள் இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று தரப்புக்கும் ஒற்றுமை இருந்தது: ஆற்றங்கரைக் காவல் குடும்பங்கள் தேர்வடத்தைத் தொடக் கூடாது, அவர்களிடம் பெண் எடுக்கவும் கூடாது. அங்கே காற்றடித்த நாளில் மட்டும்தானே நாற்றம் போய்ச் சேர்ந்தது?

மண்டைகள் உடைந்தன. கோயில் பூட்டப்பட்டது. இரண்டு வருஷம் திருவிழா இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில்கூட அது நின்றதில்லை.