இயற்கைக்கு நெருங்கிய உறவினர்

இயற்கையோடு உறவு கொண்டாடுகிற கலைஞர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அந்த இனம் அறிமுகமானது ஒரு பேச்சில்தான். பெரிய புகைப்படம் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். படத்தில் வறண்ட ஏரியில் நிற்கும் ஒரு கிழவர். அவர் முகத்தின் மேல் நிஜச் சேறு, சேற்றின் மேல் பச்சை இலைகள், இலைகளைச் சுற்றிச் சிவப்பு நூலில் தையல். புகைப்படமும் மண்ணும் தாவரமும் கலந்த கலை என்றார். எந்தப் பக்கம் மேலே வரும் என்று அவள் கேட்டாள்.

"மேல் கீழ்னு இயற்கை பார்க்குமாம்மா?"

"மாட்டுறதுக்குக் கொக்கி அடிக்கணும் சார்."

பெருமூச்சு விட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். இது என்ன மரத்து இலை என்று அடுத்துக் கேட்டாள். மரத்துக்குப் பெயர் வைத்ததே மனிதனுடைய ஆணவம் என்றார். கிழவருக்கும் பெயர் இல்லை. படத்துக்கு அடியில் 'மனிதன், எண் நான்கு' என்று எழுதச் சொன்னார். பச்சை இலையைக் கண்ணாடிக்குள் அடைத்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காயவைத்து ஒட்டலாமே என்றாள் கடைசியாக.

"காஞ்ச இலை பொய் பேசும்மா" என்றார். பேச்சு முடிந்தது.

இவர்களைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை. 'மண்' என்ற சொல்லைக் கண்ணை மூடாமல் இவர்களால் சொல்ல முடியாது. காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்காற்றை முகத்துக்குத் திருப்பிக்கொண்டு வயல்வெளிக்குப் போவார்கள். போன இடத்தில் வேலையாகப் போய்க்கொண்டிருப்பவரை மறித்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கையில் ஒரு வேரைக் கொடுத்து, வெயிலில் அரை மணி நேரம் நிற்கவைத்து, அவரும் அந்த வேரும் ஒன்றுதான் என்று அவருக்கே விளக்கிவிட்டு, கிளம்பும்போது சக்கரத்துச் சேற்றைக் கழுவ அவரிடமே ஒரு வாளி தண்ணீர் கேட்பார்கள். கேட்டால் இயற்கையோடு உரையாடுவதாகச் சொல்வார்கள். அதில் பேசுவது யார் என்று சந்தேகம் வேண்டுமா? ஒட்டிய இலையிலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தால் மட்டும் உரையாடல் நின்றுபோகும். மருந்தடிக்க ஆள் தேடுவார்கள்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்தது. கலைஞர் படத்தோடு கடைக்கு ஓடி வந்தார்.

கடையின் பின்வாசலில், பழைய பெயிண்ட் வாளி ஒன்றில், அவள் வளர்த்த கொடி இருந்தது. மூன்று வருடத்துக் கொடி. இரண்டு முறை வீடு மாறியபோதும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்; இப்போதைய அறையில் வெயில் விழாததால் முதலாளியிடம் கெஞ்சிக் கடைக்குக் கொண்டுவந்தாள். அந்த வாரம்தான் முதல்முறையாக மொட்டு விட்டிருந்தது. ஏழு மொட்டுகள். காலையில் வந்ததும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பாள்.

அவள் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார் கலைஞர். திரும்பி வந்தபோது ஒரு கையில் அவளுடைய பிளேடு. இன்னொரு கையில் கொடியின் இலைகள் அத்தனையும். மொட்டுகளும்தான்.

"கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டேனே. செடிகிட்ட கேட்டேன்."

செடி மறுப்பு எதுவும் சொல்லவில்லையாம். அவள் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். வெறும் தண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கண்காட்சி பிரமாதமாக நடந்தது. கூட்டம் மொய்த்தது கிழவரின் படத்தின் முன்னால் அல்ல; கடைசி நேரத்தில் சேர்த்த 'இழப்பு' என்ற படத்தின் முன்னால். மொட்டைத் தண்டு ஒன்று, அதன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். நீங்களும் போயிருப்பீர்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இயற்கையை மனிதன் என்ன பாடு படுத்துகிறான் என்று உச்சுக்கொட்டி, அந்தப் படத்தின் முன்னால் நின்று உங்களையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். அவள் யார், இலைகளைப் பறித்தது யார் என்று கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். இந்த இனம் பெரியது, உங்களுக்கும் இடம் இருக்கும்.

அந்தப் படத்துக்காக அவர் அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"என்னைப் பார்க்காதேம்மா, செடியைப் பாரு. கோபம் வேண்டாம், வருத்தம் போதும்."