தறிகள் நின்ற கேள்வி நேரம்

"அண்ணாச்சி, அரை மணி நேரம் தறியை நிறுத்துனியன்னா போதும்!" என்று ஜெர்சோன் கத்தினான். விசைத்தறிகளின் இரைச்சலில் பக்கத்துத் தறிக்கூடத்துக் காசி அண்ணாச்சி அவனுடைய வாயசைவை வைத்தே புரிந்துகொண்டார்.

"எதுக்குலே?"

"நார்வேல ஒரு விழாவுல என் படத்தைப் போடுதாங்க. முடிஞ்சதும் பார்த்தவங்க ஆன்லைன்ல கேள்வி கேப்பாங்க. போன விழாவுல இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு, 'ரயில்ல போறீங்களா? அப்புறம் பேசலாம்'னு கட் பண்ணிட்டாங்க."

சங்கரன்கோவிலில் ஜெர்சோன் சொந்த முயற்சியில் எடுத்த படம் பல நாட்டு விழாக்களுக்குப் போயிருந்தது. அவன் ஒன்றுக்கும் போனதில்லை. சான்றிதழ்கள் மின்னஞ்சலில் வந்தன. முன்பின் அறியாத ஒருவர் இருட்டில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்து என்ன நினைத்தார் என்பது மட்டும் எதிலும் வரவில்லை. பாராட்டுகூட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும் என்று அவன் ஏங்கினான்.

காசி இரங்கினார். தறிகளை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார்.

மின்சாரம் இருக்கும்போது அந்தத் தெருவில் பகலில் தறி நின்றால் அதற்குப் பொருள் ஒன்றுதான்: அருகில் எங்கோ துக்கம். காசியின் தறி ஓய்ந்ததைக் கேட்ட அடுத்த கூடத்தார் மரியாதைக்குத் தம் தறிகளையும் நிறுத்தினர். அதைக் கேட்டு அதற்கடுத்தவர். ஜெர்சோன் ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்தான். "படம் முடியப் போகுது அண்ணா, லைனிலேயே நில்லுங்கோ" என்று திரையில் சொல்லி மறைந்தாள் விழாவின் தொகுப்பாளர் கௌசிகா, யாழ்ப்பாணத்துப் பெண். அதற்குள், முதலில் நின்றது காசியின் தறி என்பதால் துக்கம் பக்கத்து வீட்டில்தான் என்று முடிவுகட்டி, எதிர்வீட்டுப் பூமாரி தெருப் பெண்களோடு மாலையும் கையுமாக ஜெர்சோன் வீட்டு வாசலில் நின்றாள்.

"அப்பா, வாசல்ல போய் உக்காருங்க. உங்களை உசிரோட பார்த்தாப் போயிருவாங்க" என்றான் ஜெர்சோன்.

தந்தை பவுல்பாண்டியன் ஒன்றும் புரியாமல் நாற்காலியில் போய் அமர்ந்தார்.

"அண்ணாச்சி கல்லு மாதிரி உக்காந்துருக்காவளே! அப்போ யக்காதான் போயிட்டாவளா!" என்று பூமாரி ஓலமிட்டாள்.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த தாய் ஏசுவடியாள் கண்ணைத் துடைத்தபடி ஓடி வந்தார். "ஏட்டி, நான் உசிரோடத்தான இருக்கேன்!"

அந்தக் கண்ணீரைக் கண்டதும் பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டனர். "அழுதுருங்க யக்கா, அடக்காதிய. யாரு, ஊர்ல உங்க அண்ணனா?"

ஜெர்சோன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "இங்கன ஒருத்தரும் சாகல! என் படம் நார்வேல ஓடுது! அங்கன உள்ளவங்க என்கிட்ட கேள்வி கேக்கப் போறாங்க!"

"பாவம், பிள்ளைக்குப் புத்தி கலங்கிட்டு" என்றாள் பூமாரி.

உண்மை அறிந்த ஒரே மனிதரான காசி அப்போதுதான் டீக்கடையிலிருந்து திரும்பினார். ஜெர்சோன் நிம்மதியாக மூச்சுவிட்டான். காசி மாலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடப்பாவி மக்கா! இதுக்காலே தறியை நிறுத்தச் சொன்ன? படம் கிடம்னு சொல்லி எங்கிட்டயே மறைச்சிட்டியே!"

இனி யார் மறுத்துப் பயன்? பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திறங்கின. கிறிஸ்தவ சபையின் ஏஞ்சல் டீச்சர் துக்கப் பாட்டைத் தொடங்க, தெரு முழுவதும் சேர்ந்து பாடியது. அந்நேரம் பார்த்துக் கௌசிகா திரையில் மீண்டும் தோன்றினாள்.

"மன்னிக்கணும், இங்கன கொஞ்சம் சத்தம்" என்றான் ஜெர்சோன். "அரங்கத்துல யாருக்காவது... ஒரு கேள்வியாவது இருக்கா?"

அவனுக்குப் பின்னால், ஜன்னல் நிறையத் தெரிந்த முகங்களையே அவள் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஒண்டு இருக்கு அண்ணா."

"கேளுங்க!"

"இஞ்ச தியேட்டர் ஹோலில நானும் படம் ஓட்டுறவரும் மட்டும்தான் இருக்கிறம். உங்கட படத்துக்கு அங்க மட்டும் எப்பிடி இவ்வளவு சனம் வந்தது?"