குழாயரின் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

லண்டனில் லைசென்ஸோடு துவக்குச் சுட்ட மனிதர்களில், எலியைக் கண்டு கதிரையில் ஏறி நின்ற ஒரே ஆள் எங்கள் குழாயர்தான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். எலியைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டவன் நான். அன்று பின்னேரமே மனுசன் சுடுதிடலுக்குப் போய், அறுநூறு யார்ட் தூரத்தில் நின்ற கடதாசிப் பலகையின் நடுவைத் துளைத்துவிட்டு வந்து, "இண்டைக்குக் காத்து சரியில்லை" என்று குறைப்பட்டார்.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் அவரும் நானும் இருந்தோம். எங்களுக்கெல்லாம் முன்னரே படிக்க வந்து, படிப்பை விட்டு, பிரிட்டிஷ் பிரஜையாகி, ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் லோண்டரி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவக்குக் கிளப்புக்குக் கூட்டிப் போனாராம். அன்றோடு ஆள் அதற்கு அடிமை. துவக்கோ கிளப்பின் இரும்பு அலுமாரியில்தான் இருந்தது. அறைக்கு வந்ததெல்லாம் அதன்மேல் பூட்டுகிற தூரக்கண்ணாடிகள். கடைக்காரரிடம் ஒன்று, கிளப்காரரிடம் ஒன்று என்று இரவல் வாங்கி, குழாய் குழாயாகக் கட்டிலில் அடுக்கி வைத்திருப்பார். அதனால் குழாயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அவர் கண்ணாடியைப் பற்றித் தொடங்கிவிடுவார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கவலைப்படுவதற்கு அதற்கு மேல் படிப்புத் தேவையில்லை என்பது என் அனுபவம். என் அகதி வழக்கு அப்போது முடியாமல் இழுபட்டுக் கிடந்தது. அது சரிவந்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்த என் மனைவி ராணியைக் கூப்பிடலாம். வாசலில் கடிதம் விழுந்தால் எனக்கு நெஞ்சை அடைக்கும். விழாவிட்டால் இன்னும் கூட அடைக்கும். தமிழன், அகதி, அறைத் தோழனிடம் துவக்கு. இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதி என்னைத் திருப்பி அனுப்பப்போகும் அதிகாரியை நான் அடிக்கடி கனவில் கண்டேன். அவருக்குப் பெரிய மீசை.

குழாயரின் கவலை வேறு. திருகத் திருக மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒரு வகை. எப்போதும் ஒரே மடங்கில் நிற்கும், திருகவே முடியாத கண்ணாடி மற்ற வகை. கிளப்பில் பாதிப் பேர் முதலாவதைத்தான் வாங்கினார்கள். குழாயருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

"திருகினா உள்ளுக்கு இருக்கிற கண்ணாடி அசையும், ஐசே. இஞ்சை ஒரு மயிரளவு அசைஞ்சா, ஆயிரம் யார்ட் தள்ளி அங்கை ஒரு முழம் விலகும். ஒரே மடங்கெண்டா அசையிறதுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப அதையே வாங்குங்கோவன் அண்ணை."

"எத்தினை மடங்கு? சொல்லும் பாப்பம்."

அங்கேதான் எங்கள் இருவரின் நிம்மதியும் போனது. ஆறு மடங்கென்றால் வெளிச்சம் நல்லது, ஆனால் பலகை கடுகளவு தெரியும். இருபதென்றால் பலகை கதவளவு தெரியும், ஆனால் வெயில் நாளில் கானல் கொதித்துப் படம் நெளியும். இடையில் பத்து, பன்னிரண்டு. ஒருமுறை வாங்கிவிட்டால் கலியாணம் மாதிரி, பிறகு கூட்டிக் குறைக்க ஏலாது என்பார். புட்டுக்குள் கறியைக் குழைத்துக்கொண்டு இதைப் பேசினார். நான் குளியலறைக்குள் இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று பேசினார். வழக்கறிஞரிடம் போன நாளில்கூட, அவர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன், "பன்னிரண்டு கொஞ்சம் கூடவோ?" என்றார்.

ஒருநாள் இருபது மடங்குக் குழாயைத் தந்து, சந்தியில் இருந்த மீன்கடை விலைப்பலகையை யன்னலால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

"பலகை ஆடுது அண்ணை."

"பலகை ஆடேல்லை. நீர்தான் ஆடுறீர்."

அதோடு இருபது மடங்கு போட்டியிலிருந்து நீங்கியது. என்னாலும் ஒரு முடிவு வந்ததே என்று இருந்தேன். குழாயர் விடவில்லை. வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியில் பத்து மடங்குக் குழாயைச் சணல் கயிற்றால் கட்டி, யன்னல் கட்டையில் சாத்தி, பஸ் தரிப்பில் நின்றவர்களின் பத்திரிகைத் தலைப்பை வாசித்துப் பழகினார். கீழே இருந்து பார்த்தால் அது தும்புத்தடியாகவா தெரியும்? பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அப்படித் தெரியவில்லை. அவர் பொலிசுக்கு ரெலிபோன் அடித்துவிட்டார்.

இரண்டு பொலிஸ்காரர் படியேறி வந்தபோது நான் என் சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டேன். வெறுங்காலோடு கொழும்புக்குப் போகக்கூடாது என்றுதான் அந்த நேரம் தோன்றியது. குழாயர் முகத்திலோ கலியாணக் களை. கடைசியில் கேட்க ஆள் கிடைத்துவிட்டதே. லைசென்ஸைக் காட்டினார், தும்புத்தடியைக் காட்டினார், பிறகு ஒரே மடங்குக் கண்ணாடியின் மேன்மையை முதலிலிருந்து தொடங்கினார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன். கோப்பையில் பாதியும் தட்டில் பாதியும் விழுந்தது. மூத்த பொலிஸ்காரர் குழாய்க்குள் எட்டிப் பார்த்து ரசித்துவிட்டு, திருகுகிற வகைதானே வசதி என்று ஒரு வார்த்தை சொன்னார். குழாயருக்குக் கோபம் வந்துவிட்டது. பொலிஸ்காரரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார். நான் கட்டிலில் இருந்தபடி ராணியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

திரைச்சீலையைப் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவர்கள் தப்பிப் போனார்கள்.

"என்ர கேஸ் முடிஞ்சுது அண்ணை."

"ஓம், பாவம்" என்றார் குழாயர். என்னை அல்ல, பொலிஸ்காரரை. "நல்ல மனுசன். ஆரோ அவருக்குத் திருகிற சாமானைப் பழக்கிப்போட்டாங்கள்."

கடைசியில் பத்து மடங்கை வாங்கினார். நம் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் முதல் ஓட்டம் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குத்தானே? கண்ணாடிக்கும் அதே மரியாதை என்று என்னையும் இழுத்துக்கொண்டு நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறினார். பெட்டி என் மடியில். எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் எனக்கு மீசைக்காரர்களாகத் தெரிந்தார்கள்.

பழத்தட்டில் இருந்த குழாயைப் பார்த்து, "கமராவோ?" என்று ஐயர் கேட்டார். "கிட்டத்தட்ட" என்றார் குழாயர். ஆருடைய பேருக்கு அர்ச்சனை என்றதும் தயங்காமல் என் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். துவக்குக் கண்ணாடியை என் பேரில் தெய்வத்திடமே பதிந்துவிட்டாரே என்று காதுக்குள் சண்டை பிடித்தேன்.

"உமக்குத்தானே ஐசே கேஸ் இருக்கு. எனக்கென்ன குறை?"

இந்தச் சண்டையில் நாங்கள் இருவருமே தட்டைக் கவனிக்கவில்லை. ஐயர் தீபம் காட்டி, கார்க் கண்ணாடிக்கு வைப்பதுபோலவே, முன்கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்துத் திருப்பித் தந்தார்.

குழாயரின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்த பிள்ளையின் கண்ணில் தூசி விழுந்த தகப்பன் அப்படித்தான் நின்றிருப்பான். துடைக்கச் சொல்லி என் கைலேஞ்சியை நீட்டினேன். வாங்கவில்லை.

"சாமி வைச்சது. துடைக்க ஏலாது. அதுவும் உம்மட கேசுக்கு வைச்சது."

அந்தப் பொட்டோடேயே சுட்டார். பத்து மடங்கு மங்கல். கிளப்பில் முன்வரிசையில் நின்ற மனிதர் கடைசிக்கு வந்தார். துடையுங்கோ என்று வெள்ளைக்காரர்கள் கெஞ்சியதாகவும், "வழக்கு நடக்குது" என்று இவர் மறுத்ததாகவும் கேள்வி. நானும் மன்றாடினேன். மழை நாளில் உறை போட்டுப் பொட்டைக் காப்பாற்றினார். ஒவ்வொரு ஞாயிறும் தோற்று வந்து, காற்றைக் குறைசொல்லிவிட்டுப் படுப்பார். அவருக்கும் சேர்த்து நான் கவலைப்பட்டேன். எனக்கு அது பாரமில்லை, பழகின வேலை.

ஒருநாள் வழக்குச் சரிவந்தது. எங்கேயோ பிழை நடந்திருக்கிறது, திரும்பக் கேட்பார்கள் என்று நான் அதற்கும் நித்திரை கொள்ளவில்லை. ராணி வந்து இறங்கினால்தான் வழக்கு முடிந்த கணக்கு என்று குழாயரும் பொட்டைத் துடைக்கவில்லை. விசா அலைச்சல் எல்லாம் முடிந்து, தொண்ணூறுகள் பிறந்த பிறகுதான் ராணிக்கு விமானம் ஏறக் கிடைத்தது.

விமான நிலையத்துக்குக் குழாயரும் வந்தார். மொட்டைமாடியில் விமானம் பார்க்கிறவர்கள் நிற்கும் இடத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு போய், கோட்டுக்குள்ளிருந்து குழாயை எடுத்தார். நான் அவருக்கு முன்னால் போய் மறைத்து நின்றேன். அங்கே நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் அதைவிடப் பெரிய குழாய்களோடு நின்றதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தூரத்தில் விமானத்துக்குப் படி வைத்து ஆட்களை இறக்கினார்கள். எல்லாரும் எறும்புகள். எறும்புகள் குறைந்துகொண்டே வந்தன. படி வெறுமையானது.

"வரேல்லை அண்ணை. அங்கையே மறிச்சுப்போட்டாங்கள்."

"பொறும்." அவர் குழாயைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். பிறகு, சேர்ட்டின் நுனியை இழுத்து, வாயால் ஊதி, அந்தப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தார்.

"படியில இன்னும் ஒராள் வருது. காது தெரியுது."

"ஆற்ற காது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? முகம் மற்றப் பக்கம் திரும்பியிருக்கு. காதுதான் தெரியுது."

"தோடு போட்டிருக்கோ?"

அவர் முழங்கைகளை மாடியின் தடுப்புக் கம்பியில் ஊன்றிக்கொண்டார். "தோடில்லை ஐசே. ஈர்க்குக் குச்சி."

பயணத்துக்காகத் தோட்டை விற்று, துளை தூர்ந்துபோகாமல் ஈர்க்குக் குச்சியைச் செருகியிருப்பதாக ராணி எழுதியிருந்தாள். நான் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குழாயர் குழாயை இறக்கவில்லை. அவள் கீழே நின்ற விமான நிலைய பஸ்ஸில் ஏறும்வரை அந்தக் காதைத் தவறவிடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராணியோடு ஆர்ச்வேக்குப் போனேன். அர்ச்சனை ஆருக்கு என்று ஐயர் கேட்டபோதுதான் எனக்கு இன்னும் குழாயருடைய பேர் தெரியாது என்பது உறைத்தது. நட்சத்திரமும் தெரியாது.

"குழாயர் எண்டு சொல்லுங்கோ ஐயா" என்றேன். "முருகனுக்கு ஆளைத் தெரியும்."