என் பிழைக்காக நான் போட்ட சண்டை

விபத்தில் மாட்டியவர்கள் பிழையை மற்றவர் தலையில் கட்டத்தான் பாடுபடுவார்கள். மற்றவர் தானாக ஏற்றுக்கொண்ட பிழையைப் பறித்தெடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்ட ஒருத்தி திருகோணமலையில் இருக்கிறாள் என்றால், அது நான்தான்.

அப்போது எனக்கு எழுபது வயது. இடியப்பம் அவித்து உப்புவெளியில் இரண்டு விடுதிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை வெறுங்கூடையோடு திரும்பி வந்து, பஸ்ஸால் இறங்கித் துறைமுகப் பக்கத்து வீதியைக் கடந்தேன். கடந்தேன் என்றால், நான் கடக்கிற முறையில். வலது கையை உயர்த்திக் காட்டிவிட்டு நேரே நடக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் எல்லோரும் இப்படித்தான். கையைக் கண்டால் வாகனம் நிற்கும். நாற்பது வருடமாக பஸ் நின்றது, லொறி நின்றது, நேவிக்காரரின் பெரிய வாகனமும் நின்றது. அன்று ஒரு சாம்பல் நிறக் கார் மட்டும் நிற்கவில்லை. உயர்த்திய கையின் மணிக்கட்டு முறிந்தது.

காரை ஓட்டியவர் கிண்ணியாவில் படிப்பிக்கிற ஒரு மாஸ்டர். நல்ல மனிதர். அவரே என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவரே பொலிசுக்கும் போய், பிழை தன்னுடையது என்று சொன்னார்.

கட்டு அவிழ்த்த டொக்டர், இடியப்ப உரலை அழுத்துகிற பலம் இந்தக் கைக்கு இனி வராது என்றார். மாஸ்டரின் காருக்குரிய இன்சூரன்ஸ் நட்டஈடு ஒழுங்காக வந்தால் கரண்டில் பிழிகிற மெஷின் ஒன்று வாங்கலாம், வராவிட்டால் என் தொழில் அத்தோடு சரி. மகள் ராணி இதை எனக்கு மூன்று தரம் விளங்கப்படுத்தினாள். இன்சூரன்ஸ்காரர் வீட்டுக்கு வருகிற அன்று நாலாவது தரமும் சொன்னாள்.

"அம்மா, ரெண்டு சொல்லுத்தான். 'ஓம்', 'ஏலாது'. நொந்ததோ எண்டு கேட்டால் ஓம். வேலை செய்ய ஏலுமோ எண்டு கேட்டால் ஏலாது. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

"நானென்ன கிளிப்பிள்ளையே?"

"கிளி எண்டாலும் சொல்லிக்குடுத்ததை மட்டும் சொல்லுமே!"

இன்சூரன்ஸ்காரர் கழுத்துப்பட்டி கட்டிய, அமைதியான ஆள். மாஸ்டரும் கூடவே அப்பிள் பையோடு வந்தார். இருவரையும் கதிரையில் இருத்தி ராணி தேத்தண்ணி கொடுத்தாள். அதுவரைக்கும் நான் தேர்ப் பொம்மை மாதிரி அசையாமல் இருந்தேன்.

மாஸ்டர்தான் தொடங்கினார். "பிழை என்டதான் சேர். அம்மா வயசான ஆள். கண் தெரிஞ்சிருக்காது. கார் வாறதக் கண்டிருக்க மாட்டா. நான்தான் மெதுவா வந்திருக்கோணும்."

கண் தெரிந்திருக்காதாம்! (கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் நான்.)

"ஆருக்கு மாஸ்டர் கண் தெரியாது?" என்றேன். "உங்கட காரை நான் அங்கால வளைவிலயே கண்டனான். சாம்பல் கார். உள்ளுக்குப் பச்சை மணிமாலை ஒண்டு தொங்கினது. அதையும் கண்டனான்."

இன்சூரன்ஸ்காரர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

"அப்ப, கார் வாறதைக் கண்டும் றோட்டில இறங்கினீங்களோ அம்மா?"

குசினி வாசலில் நின்று ராணி கண்ணைக் காட்டினாள். (அதையும் கண்டேன். மதிக்கவில்லை.)

"கண்டுதான் இறங்கினனான். காணாமல் இறங்க எனக்கென்ன விசரே? கையைக் காட்டினனான். நிக்க வேண்டியது அவர்."

"கார் எவ்வளவு தூரத்தில?"

"இந்தக் கதிரைக்கும் அந்தக் கிணத்துக்கும் உள்ள தூரம்."

அவர் எழும்பிப் போய்க் கிணற்றைப் பார்த்தார். பத்துக் காலடி இருக்கும்.

மாஸ்டர் கெஞ்சத் தொடங்கிவிட்டார். "அம்மா, நான் பிழைய ஒத்துக்கிட்டன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

"என்ர கண்ணைக் குருடாக்கிப்போட்டு நீங்கள் பிழையை ஒத்துக்கொள்ளத் தேவையில்லை."

"மாஸ்டர்," என்றார் இன்சூரன்ஸ்காரர், "பிழை வேண்டாமெண்டு சண்டை பிடிக்கிற ஆக்களைத்தான் நான் இவ்வளவு காலமும் கண்டிருக்கிறன். பிழை தனக்குத்தான் வேணுமெண்டு சண்டை பிடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

ராணி ஓடிவந்து கையின் கதையைப் பிடித்தாள். "கையைப் பாருங்கோ சேர். உரலை விடுங்கோ, ஒரு அகப்பை பிடிக்கவும் ஏலாது."

அது உண்மைதான். அவரும் இரக்கத்தோடு அப்படியே எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். பிறகு பையிலிருந்து சின்ன மைப்பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து என் பக்கம் தள்ளினார். "கைக்கு ஏலாதுதானே அம்மா. பெருவிரல் அடையாளம் போதும்."

அவர் நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் நான் படித்தது இரண்டாம் வகுப்பு. (அதிலும் பாதி, அம்மை வந்து படுத்துவிட்டேன்.) ஐம்பது வயதில், வங்கிப் புத்தகத்துக்காக, ராணியின் பழைய கொப்பியில் எழுதி எழுதிக் கையெழுத்துப் பழகியவள். அதற்குப் பிறகு ஒரு கடதாசியிலும் நான் விரல் வைத்ததில்லை.

பேனையை வாங்கினேன், வலது கையால். அப்பாவின் பெயரில் தொடங்கி என் முழுப் பெயரையும், ஓர் எழுத்து விடாமல், கோட்டுக்கு மேலே நேராக எழுதினேன். உயிர் போய் வந்தது. முகத்தில் காட்டவில்லை.

இன்சூரன்ஸ்காரர் கையெழுத்தைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார்.

"வடிவான கையெழுத்து, அம்மா," என்றார். பிறகு அதன் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார்.

ராணி சுவரில் சாய்ந்து நின்றாள். மாஸ்டர் தான் கொண்டுவந்த அப்பிளில் ஒன்றை எடுத்துத் தானே கடித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வாகனத்தைக் கண்டும் வீதியில் இறங்கியதால் பிழையில் பெரும்பங்கு என்னுடையதாம். கையும் எழுதுமளவுக்குத் தேறிவிட்டதாம். வந்த காசுக்கு மெஷின் வாங்க முடியவில்லை. ஒரு விடுதி கைவிட்டுப் போனது. மற்றதற்கு ராணி பிழிகிறாள், நான் பக்கத்தில் இருந்து குறை சொல்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோப்பை உடைந்தாலும் கண்ணாடி வெடித்தாலும் ஒருவரும் ஒருவரையும் ஏசுவதில்லை. "அம்மாட்ட ஒரு வாக்குமூலம் எடுங்கோ, அவ ஒத்துக்கொள்ளுவா," என்று சிரிப்பார்கள். போன மாதம் மருமகன் மோட்டார்சைக்கிளைப் பின்னுக்கு எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் கேற்றை இடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்ததும், "அம்மா, கெதியா வாங்கோ, பிழை ஒண்டு வந்திருக்கு!" என்று ராணி கூப்பிட்டாள்.

போனேன். நடந்ததை யன்னலுக்குள்ளால் முழுக்கக் கண்டிருந்தேன். கண்டதைக் கண்டபடியே சொன்னேன்.

மருமகன் நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை.