ஆலோ நம்பிய விளம்பரம்

விளம்பரம் என்று ஒன்று இந்த உலகத்தில் ஏற்பட்டதிலிருந்து, அதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் நம்பிய ஒரே மனுஷர் எங்கள் ஊர் ஆலோதான். இத்தனைக்கும் அந்த விளம்பரத்தைச் சொன்னவரும் அவரேதான்.

ஆட்டோ மேல் புனல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு மண்ணூர் பக்கத்துக் கிராமமெல்லாம் சுற்றுவார். தெருமுனையில் நின்று, "ஆலோ... ஆலோ... மைக் டெஸ்டிங்" என்று ஆரம்பிப்பார். அதனால் ஆலோ. பெற்றவர்கள் வைத்த பேர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். யாராவது தேடிப் போனால் அந்த அம்மாவே, "ஆலோ வூட்ல இல்ல, ஒரகடம் போய்கீறாரு" என்றுதான் சொல்லும்.

மாதா கோயில் தேர், மாரியம்மன் கூழ், காணாமல் போன மாடு, புதுசாகத் திறந்த துணிக்கடை, எதுவானாலும் ஆலோ வாயால் வந்தால்தான் ஊருக்கு நிஜம். ஒரு தடவை மேலத் தெருப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டதாக யாரோ போனில் சொன்னதைக் கேட்டு, ஆலோ ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். மத்தியானம் அந்தப் பெரியவரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மாலையோடு வெயிலில் காத்திருந்த அவருடைய சம்பந்திக்கு வந்ததே கோபம்.

"இன்னா சம்பந்தி இது? மைக்லயே சொல்லிட்டாங்க. நீ பாட்டுக்கு வந்து நிக்கிற?"

"மைக்லயே சொன்னாங்களா?" என்று கேட்ட பெரியவர், தன் நெஞ்சை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட வாய்க்கு முதல் ஏமாளி ஆலோதான். கூந்தல் தைலத்துக்கு விளம்பரம் சொன்ன மாசம், அதையே வாங்கித் தடவிக்கொண்டார். அவர் தலை நன்றாகத் தேய்த்துக் கவிழ்த்த சொம்பு மாதிரி இருக்கும். என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி, குனிந்து காட்டுவார். "அக்கா, உத்துப் பாரு. முடி பச்சையா கட்டிகினு வருது இல்ல?" நானும் உற்றுப் பார்ப்பேன். இல்லை என்று சொல்ல மனசு வராது. "வெளிச்சம் பத்தல தம்பி" என்பேன்.

சர்க்கரை நோய் முகாமுக்கு மைக் பிடித்தபோது இன்னும் மோசம். "அடிக்கடி தாகம் எடுக்கிறதா? நாக்கு வறள்கிறதா? உடனே வாருங்கள்!" காலையிலிருந்து வெயிலில் கத்துகிறவருக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும்? சாயங்காலம் முகாம் வரிசையில் முதல் ஆளாக நின்றார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆலோ நம்பவில்லை. ஒரு வாரம் காபியில் சர்க்கரை போடாமல் குடித்தார். அவர் பெண்டாட்டி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் நம்பற மனுசன் நகைக்கடை விளம்பரத்த மட்டும் நம்ப மாட்டேன்றாருக்கா!"

எனக்கு ஆம்பிளைகளிடம் பேச்சுக் கொடுத்துப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி எல்லாத்தையும் நம்பற?"

"நம்பாம சொன்னா குரல் ஏறாதுக்கா. ஜனங்க கண்டுபுடிச்சிடுவாங்க" என்றார்.

அப்புறம்தான் கம்பெனி வந்தது. எங்கள் ஏரிக்கு மேல்பக்கத்து நிலத்தை வாங்கியது. மழைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவருகிற கால்வாய் அந்த நிலத்துக்கு நடுவில்தான் ஓடுகிறது. அதை மூடிவிட்டு அடியில் குழாய் போடுகிறோம், கிராம சபையில் சம்மதம் கொடுங்கள் என்றார்கள்.

கேட்பதற்கு முன்னாலேயே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை. பெண்களுக்கு பிளாஸ்டிக் குடம். ரோட்டோரத்தில் பெரிய போர்டு. அதில் ஒரு பெண் நெற்கதிரைக் கல்யாணப் பூச்செண்டு மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, வீட்டு முன்சுவருக்கெல்லாம் இலவசமாக நீலப் பெயின்ட் அடித்து, அதில் 'நம்ம கம்பெனி, நம்ம குடும்பம்' என்று எழுதினார்கள். கிணற்றுப் பங்குக்காக வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் வீடு ஒட்டி ஒட்டி இருக்கும். எழுத்து பெரிதாகிவிட்டதால் அண்ணன் சுவரில் 'நம்ம'வும் தம்பி சுவரில் 'குடும்ப'மும் வந்தன. அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

ஆலோவுக்குப் புது ஸ்பீக்கர் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த தமிழ் அவர் வாயில் ஒட்டவில்லை. தானே ராகம் கட்டினார்.

"பாம்பு வராது, பாசி வராது! குழாய்க்குள்ள தூசி வராது! நம்ம ஏரிக்கு நம்ம தண்ணி, நம்ம கம்பெனி!"

குரல் அப்படி ஏறியது. பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டுதான் கயிறு தாண்டினார்கள். டீக்கடையில் ஒருத்தர், "குழா அடைச்சிகினா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டார். கடையே சேர்ந்துகொண்டு அவரை அடக்கியது. "தூசியே வராதுன்றாங்க, அடைப்பு எங்கருந்துய்யா வரும்?" நான் போகாத அந்தக் கிராம சபையில் எல்லாக் கையும் எழும்பியது. கால்வாயை மூடினார்கள்.

அடுத்த மழையில் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. கீழத் தெருவில் ஆலோ வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசி, துணி, பிள்ளையின் புத்தகம் எல்லாம் மிதந்தது. ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் அவர் வீட்டுக்கு வந்திருந்தது.

ஆலோ மேலே போய்க் குழாய் வாயில் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். சேறும் பிளாஸ்டிக்குமாக வந்தது. சொட்டச் சொட்ட என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, குழா அடைச்சிகினு கீது. நான் சொன்னதெல்லாம் தப்பு."

"நீ இன்னா தம்பி பண்ணுவ? அவங்க சொல்லச் சொன்னாங்க."

"அவங்க சொன்னா யாரு கேட்டிருப்பா? என் வாயக் கேட்டுத்தானே கை தூக்கினாங்க. அதே வாயால திருப்பிச் சொல்றேன். அடுத்த மழைக்குள்ள கால்வாயத் தொறந்துடணும். இல்லேன்னா கீழத் தெரு தாங்காது."

கம்பெனி ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழசைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ராகம் இல்லை, அடுக்குமொழி இல்லை. "நான் ஆலோ பேசறேன். குழாய் பத்தி நான் சொன்னது தப்பு. கால்வாயத் தொறக்கச் சொல்லிக் கேக்கணும். கிராம சபைக்கு எல்லாரும் வாங்க." அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார். "இது எந்தக் கம்பெனிக்கு ஆலோ?"

"கம்பெனி இல்லப்பா. நானே சொல்றேன்."

"அட, சும்மா சொல்லு. பக்கத்துல வரப்போற பார்ட்டியா? அவங்க இன்னா தராங்க, குக்கரா?"

"யாரும் எதுவும் தரல. தண்ணி வூட்டுக்குள்ள வருதுய்யா!"

"அப்ப யாரு டீசல் போட்டாங்க?"

இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக ஒரு வார்த்தை மைக்கில் சொன்னதில்லை. அப்படி ஒருத்தர் சொல்ல முடியும் என்றே ஊருக்குத் தோன்றவில்லை. ஒருத்தி அவரைத் திருத்தவே வந்துவிட்டாள். "இன்னாண்ணா நீ, பாம்பு வராது பாசி வராதுன்னு எவ்ளோ அழகா சொன்ன! இப்ப போய் நம்ம கம்பெனியப் பத்தித் தப்பாப் பேசற?" அவர் கட்டிய ராகத்திலேயே அவருக்குப் பதில் வந்தது. கீழத் தெருவில், தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களே, "இந்த வருஷம் மழ ஜாஸ்தி, அதுக்குக் கம்பெனி இன்னா பண்ணும்?" என்றார்கள். அவர்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு 'நம்ம குடும்பம்' மேலேயே ஓடியது.

கிராம சபையில் கால்வாய்ப் பேச்சை எடுத்தவர் ஆலோ மட்டும்தான். ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். அவர் கை தூக்கினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தூக்கினேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் நான் கை தூக்கியது அதுவே முதல் தடவை. எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த, கம்பெனி பனியன் போட்ட பையன் ஒருத்தன் ஓடி வந்து, "இந்தா பாட்டி" என்று என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். ஆலோ திரும்பிப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. சபையில் எல்லாரும் எங்களை முறைத்தார்கள்.

அதோடு அவர் மைக்கை எடுக்கவில்லை. துணிக்கடைக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். "குரல் ஏறல சார்" என்று அனுப்பிவிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டினார். மழை வந்தால் மட்டும் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, ஒரு நீளக் கம்போடு குழாய் வாயில் போய் நிற்பார். அடைத்ததையெல்லாம் இழுத்து இழுத்து வெளியே போடுவார். அவர் நின்ற மழைக்கெல்லாம் கீழத் தெருவில் தண்ணீர் வாசலோடு நின்றது. "பாத்தியா, குழாய்ல எவ்ளோ நல்லாப் போகுது!" என்று ஊர் பேசிக்கொண்டது.

போன மழைக்கு முன்னாலேயே ஆலோ போய்ச் சேர்ந்துவிட்டார். குழாய் வாயில் யாரும் நிற்கவில்லை. தண்ணீர் மறுபடி வீடுகளுக்குள் வந்தது. மழ ஜாஸ்தி என்றார்கள்.

அவர் இருந்த நாளில், மழை பிடித்தால் குடையை எடுத்துக்கொண்டு நானும் மேலே போவேன். "நீ ஏன்க்கா நனையற, வூட்டுக்குப் போ" என்பார். மைக் இல்லாத ஆலோவின் குரல் ரொம்பச் சின்னது. மழைச் சத்தத்தில் தூரத்திலிருந்து கேட்காது. அதற்காகவே குடையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு போய்ப் பிடிப்பேன்.