நாலு கை பனியன்

புதுப் பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு. பழைய சாம்பாருக்கும் ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு எங்காவது ஓடி ஒளியத் தோன்றும். போன வாரம் என் கணவரின் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். கை துடைக்க வைத்திருந்த வெட்டுத் துணியில் சாம்பார் கசிந்திருந்தது. அவ்வளவுதான். மூன்று வருடம் பின்னால் போய், பெண்கள் விடுதி கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கேட்டுக்கு நடுவே ஒரு இயந்திரம் என் குரலில் கத்திக்கொண்டிருந்தது: “ஓடு! தேடு!”

திருப்பூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் நான் தமிழ் ஆசிரியை. ‘மாணவர் நலன்’ என்ற பொறுப்பும் என் தலையில்தான். (நான் விடுப்பு எடுத்திருந்த நாளில் கூட்டம் போட்டுக் கொடுத்தார்கள்.) எங்கள் தாளாளர் வெளிநாட்டுக்குப் போய்வந்த வேகத்தில் மூன்று ரோபோக்கள் வாங்கிப் போட்டிருந்தார். ஆறு சக்கரம், மேலே மூடி, உச்சியில் ஒரு கொடி. கேன்டீனிலிருந்து ஒன்று பெண்கள் விடுதிக்கும், ஒன்று ஆண்கள் விடுதிக்கும், ஒன்று பஸ் ஷெட்டுக்கும் சாப்பாடு கொண்டுபோகும். வேறு பாதை அவற்றுக்குத் தெரியாது. முதல் வாரமே வேகத்தடையில் குதித்து, மூன்றின் வயிற்றிலும் சாம்பார் கொட்டியது. அதற்குப் பிறகு லேப் மூலையில் நின்று, சாம்பார் மணம் பரப்பிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, முதலாண்டு ஜெனிதா ஒரு கடிதத்தோடு வந்தாள்.

“டி.சி. வேணும் மேடம்.”

“ஏன் கண்ணு?”

“இங்க எனக்குச் சரிப்படல. அடுத்த திங்கக்கெழம அம்மாகூட கம்பெனி வேன்ல ஏறிருவேன்.”

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். விடுமுறையில் இவளும் போய் உதவியாளாக நின்றிருக்கிறாள். நன்றாகப் படிக்கிற பெண். என்னதான் ஆயிற்று? கிளறியபோது தெரிந்தது. முதல் நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தாரணியிடம், “ஏட்டி, கொஞ்சம் தள்ளி இரி” என்றிருக்கிறாள். அவள் ஊரில் அது பிரியம். நாங்களோ ஆட்டுக்குட்டியையே “நகருங்க” என்று கேட்டுக்கொள்கிறவர்கள். தாரணி அழுதுவிட்டாள். வகுப்பே ஜெனிதாவைச் சண்டைக்காரி என்று முடிவுகட்டியது.

“நான் வாயத் தொறந்தாலே அடிக்க வாரேன்னு நெனைக்காவ மேடம். அதான் தொறக்கதே இல்ல.”

பிரின்சிபால் கடிதத்தைப் பார்த்து, “சனிக்கிழமை வரைக்கும் பேசிப் பாருங்க மேடம். அதுக்கு மேல புடிச்சு வெக்க முடியாதுங்க” என்றார்.

எனக்கு ஐந்து நாள் இருந்தது. நிதானமான ஆளாக இருந்திருந்தால் அவளையும் தாரணியையும் கூப்பிட்டு ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். நான் நிதானமான ஆள் இல்லை.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கி வெட்டியதும், ஒரே பனியனுக்கான முன்பக்கம், முதுகு, கைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நிறம் துளி மாறாமல் இருக்க, பதினேழின் முதுகு பதினேழின் முன்பக்கத்தோடுதான் சேரவேண்டும். சாப்பிடும்போது அவர் இதைச் சொல்ல, எனக்குப் புல்லரித்தது. ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் ஒரு துண்டு. ஒரே நம்பர்காரர்கள் மூன்று பேர் தேடிச் சேர்ந்து, தையல் லேபில் பனியனாகத் தைத்துக்கொள்ள வேண்டும். தைத்து முடிப்பதற்குள் நண்பர்களாகிவிட மாட்டார்களா? கூச்சப்படுகிறவர்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். நட்பு அவர்களைத் தேடி ஆறு சக்கரத்தில் வரும்!

கணவர் கம்பெனியில் கேட்டு, கழித்த துணியில் மூன்று பண்டல் கொண்டுவந்தார். ஒன்றில் முன்பக்கங்கள், ஒன்றில் முதுகுகள், ஒன்றில் ஜோடி ஜோடியாகக் கைகள். வெள்ளிக்கிழமை காலை பைக்கை உதைத்துக்கொண்டே, “ஏம்புள்ள, பண்டலைப் பிரிச்சு, நம்பர் வாரியா சேர்த்து, மூணு வண்டிலயும் பங்கு போடு. மறந்துறாதே” என்றார்.

“ம்” என்றேன். ரோபோவுக்காக நான் எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் மூன்று பண்டலையும் மூன்று ரோபோவுக்குள் வைத்தேன். என்ன பொருத்தம்!

“மேடம், இதுல இதுவரைக்கும் சோறு மட்டுந்தானுங்க போயிருக்குது” என்றார் லேப் பொறுப்பாளர் குமரேசன்.

“இனிமேல் அன்பு போகும் குமரேசன்.” (அப்போதெல்லாம் நான் இப்படித்தான் பேசுவேன். யாரும் என்னை அடிக்கவில்லை என்பது எங்கள் மண்ணின் பெருந்தன்மை.)

கொடிகள் ஆட மூன்றும் கிளம்பின. பெண்கள் விடுதி ரோபோவோடு நானும் நடந்தேன். மூடி திறந்தது. இருபது பெண்கள் ஆளுக்கொன்று எடுத்து, நம்பர் பார்த்து, முழித்தார்கள்.

“ஏனுங்க மேடம், எங்க எல்லாத்துக்கும் முன்பக்கந்தானுங்க வந்துருக்குது.”

செல்போன் அடித்தது. குமரேசன். “மேடம், பசங்களுக்கெல்லாம் முதுகு மட்டுந்தானுங்க இருக்குது!”

பெண்களுக்கு முன்பக்கம், பையன்களுக்கு முதுகு, பஸ் ஷெட்டில் காத்திருந்தவர்களுக்குக் கைகள். ஆணும் பெண்ணும் நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தாலே வீட்டுக்கு போன் போகிற கல்லூரியில், இருபது பையன்களைப் பெண்கள் விடுதிக்கு அனுப்பும் ஏற்பாட்டை நானே செய்திருந்தேன். போதாக்குறைக்கு, மூன்று ரோபோக்களும் என் குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன: “நீ வெறும் துண்டு. உன் மற்ற பாதி இந்த வளாகத்தில் உனக்காக ஏங்குகிறது. எண்ணைப் பார். ஓடு! தேடு!”

கல்லூரி வரலாற்றிலேயே முதல்முறையாகப் பையன்கள் சொன்னபடி செய்தார்கள். ஓடி வந்தார்கள். முதுகை நெஞ்சில் பிடித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்று, ஆனால் எவ்வளவு மரியாதையாக! “ஏனுங்க, முப்பத்தேழு இருக்கீங்களாங்க?” “நாப்பத்திரெண்டு உள்ள இருந்தா கொஞ்சம் வாங்களேனுங்க!” (முந்தைய பண்டலின் தொடர்ச்சி, நம்பர் ஒன்றில் தொடங்கவேண்டும் என்று சட்டமா?) வார்டன் ஓடிவந்து கேட்டைச் சாத்த, ரோபோ நடுவில் மாட்டிக்கொண்டது. பஸ் கூட்டமும் பனியன் கைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. பின்னால் பிரின்சிபால்.

“மேடம், இது உங்க குரல்தானுங்களே?”

“அந்த மாதிரிதான் இருக்குதுங்க.”

தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. “தள்ளாதீங்க” என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டே எல்லோரையும் தள்ளினார்கள். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெனிதா. மூன்று வாரமாகத் திறக்காத வாய்.

“மேடம்! பண்டலப் பிரிக்காமலயா அனுப்புனீங்க?”

சிரிப்பு அடங்கியதும் கல் பெஞ்சில் தாவி ஏறினாள்.

“ஏலே! யாருல அங்க தள்ளுதது? முதுகெல்லாம் இடப்பக்கம் போ! கையெல்லாம் எம்பின்னால நில்லு! ஏட்டி, முன்பக்கமெல்லாம் கேட்ட விட்டு வெளிய வாங்கட்டி! நம்பர் கூப்பிடுதேன், கூப்பிட்ட ஆளு மட்டும் நட!”

ரோபோகூட வாயை மூடியது போலிருந்தது. வார்டன் தானாகவே கேட்டைத் திறந்தார். பிரின்சிபால் என்ன நினைத்தாரோ, கைகளின் வரிசையில் போய் நின்றார். பத்தே நிமிடத்தில் இருபது கூட்டணி சேர்ந்தது. கடைசியில் ஒருத்தி மட்டும் மிச்சம். ஜெனிதாவிடம் இருந்த ஐம்பத்தொன்றாம் நம்பர் கைகளுக்கு முன்பக்கமும் இல்லை, முதுகும் இல்லை. (துணியில் ஓட்டை இருந்ததால் அவற்றை என் கணவர் எடுத்துப் போட்டுவிட்டார்; கைகளை எடுக்க மறந்துவிட்டார்.)

பெஞ்சிலிருந்து இறங்கி, அந்தக் கைகளைச் சுருட்டிப் பையில் வைத்தாள். சிரித்த முகம் மறுபடி மூடிக்கொண்டது. நாளை சனிக்கிழமை.

தாரணிதான் வந்தாள். முதல் நாள் அழுத அதே தாரணி.

“ஏனுங்க ஜெனிதா, எங்க நாப்பத்தொம்பதுல உங்க கையையும் வெச்சுத் தெச்சுக்கலாமுங்க.”

“ஏற்கெனவே ரெண்டு கை இருக்குல்லா?”

“இருந்தா என்னங்க? நாலா இருக்கட்டுமே.”

அப்படித்தான் உலகத்தின் முதல் நாலு கை பனியன் உருவானது. தைத்தது ஜெனிதா. சனிக்கிழமை அவள் என் அறைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கினாள், தாரணியோடு. நான் அவள் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பிரின்சிபாலுக்கு என்னுடைய விளக்கக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

அவர்கள் என்னிடமே கொடுத்துவிட்ட அந்தப் பனியன் இன்றும் எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. விருந்தாளிகளிடம் கணவர், “எங்கூட்டுக்காரி டிசைன்” என்பார். “கட்டிங் மாஸ்டர் யாருன்னும் சொல்லுங்க” என்பேன் நான். வெங்காயத்தை நான் முழுசாகக் குழம்பில் போட்டால்கூட, “பண்டலைப் பிரிக்கலையா?” என்ற கேள்வி வரும்.

இந்த வருடம் ஜெனிதா படிப்பை முடித்துவிட்டு மறுபடி வந்தாள்.

“டி.சி. வேணுமுங்க மேடம்.”

இந்தத் தடவை எழுதிக் கொடுத்தேன். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“பனியனப் பத்திரமா வைங்க. நாலு கை உள்ள மாப்பிள்ளை எவனாவது கெடச்சா வந்து வாங்கிக்கிடுதேன்.”

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த தாரணி பொறுமையிழந்து கத்தினாள். “ஏட்டி, இன்னும் என்னட்டி பண்ணுத? வெரசா வா!”

“இதோ வந்துட்டனுங்க!”